‘பிரேக் போச்சு’: ஆர்மாவிலிருந்து நானுஓயா வரை

மலைநாட்டில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்தால், காரணம் இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிறது: ‘பிரேக் போச்சு.’ ஏதோ விதி வந்து பிரேக்கைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. பிரேக் போவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தடுத்ததற்கும் இருக்கிறது.

1889 ஜூன் 12. அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுலா ரயில் கிளம்பியது. ஏற்றத்தில் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. முன்பாதியை முதலில் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று பின்பெட்டிகளைக் கழற்றினார்கள். கழற்றியதும் அந்தப் பெட்டிகளில் பிரதான பிரேக் வேலை செய்யவில்லை, கைப்பிரேக் தாங்கவில்லை. பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் சின்னப் பிள்ளைகள்.

பெட்டி கழன்றாலும் தானாகவே பிடிக்கும் பிரேக்கை ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1870களிலேயே செய்திருந்தார். கருவி இருந்தது, கட்டாயம்தான் இருக்கவில்லை. ஆர்மாவுக்குப் பிறகு அதே வருடம் பிரித்தானியப் பாராளுமன்றம் பயணிகள் ரயிலுக்கு அத்தகைய பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

இன்றைய பெரிய பஸ்களின் காற்றுப் பிரேக்கிலும் அதே யோசனைதான்: காற்று இறங்கினால் ஸ்பிரிங் வந்து பிடிக்கும். ஆனால் நீண்ட இறக்கத்தில் இன்னொரு எதிரி இருக்கிறது. அதுதான் சூடு. 10 தொன் பஸ் ஒன்று 100 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி, 30 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். சாரதி பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அந்தச் சூடு முழுக்க பிரேக்குக்குள்தான் போகும். சூடேறிய பிரேக் வழுக்கும். மிதித்தாலும் பிடிக்காது.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்புப் பாடசாலை மாணவர்கள் சுற்றுலா வந்த பஸ் ஒரு வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதியது. பிரேக் பிடிக்கவில்லை என்றே செய்திகள் கூறின. இறந்த 7 பேரும் எதிரே வந்த அந்த இரண்டு வண்டிகளில் இருந்தவர்கள். 2025 செப்டெம்பர் 4 இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அப்போதும் அதே இரண்டு சொல்தான்.

கலவானையிலிருந்து பொத்துப்பிட்டிய வழியாக இறக்குவானைக்குப் போகிற பாதையும், தோட்டங்களுக்குள் வளைந்து இறங்கும் பாதைகளும் அதே மலைப்பாதைகள்தான். கொழுந்து லொறியும் ஓட்டோவும் ஸ்கூல் வேனும் இறங்குவது அதில்தான். எனவே இதைத் தெரிந்து வைத்திருப்போம்.

எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது உயிரோடு விளையாட்டு.

பிரேக் பிடிக்கவில்லையா? எஞ்சினை நிறுத்தக் கூடாது, ஸ்டியரிங் இறுகிவிடும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். கார், வேன், ஓட்டோ என்றால் பெடலை விட்டுவிட்டு வேகமாக மிதித்துப் பார்க்கலாம். காற்றுப் பிரேக் உள்ள பஸ், லொறியில் அப்படிச் செய்யக் கூடாது, இருக்கிற காற்றும் தீர்ந்துவிடும். கைப்பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஹோனை விடாமல் அடித்து எதிரே வருபவர்களை எச்சரிக்க வேண்டும். ஒன்றுமே முடியாவிட்டால், பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் மலைப்பக்க மண்திட்டில் உரசவிடுவதே மேல். உள்ளே இருப்பவர்கள் குதிக்கக் கூடாது. பெல்ட் இருந்தால் போட்டு, இல்லாவிட்டால் முன்சீட்டை இறுகப் பிடித்துக் குனிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் கடைசி நிமிடத்துக்கானவை. ஆர்மா சொல்லித் தருவது அதற்கு முந்தைய பாடம்: சாவுக்குக் காரணம் பிரேக் மட்டுமல்ல, பிரேக்கைப் பற்றி யாரும் கேட்காமல் இருந்ததும்தான். நாங்கள் கேம்பஸ் ட்ரிப்புக்கு பஸ் பேசும்போது பாட்டு செட் இருக்கா, லைட் இருக்கா என்றுதான் கேட்கிறோம். இனி முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “அண்ணே, பிரேக் கடைசியா எப்ப பார்த்தீங்க? இந்த இறக்கம் உங்களுக்குப் பழக்கமா?”