கல்முனைக் கரையும் இயற்கையின் சீற்றமும்

வங்கக் கடலோரத்திலே, வடக்கே பெரியநீலாவணை தொடங்கித் தெற்கே நிந்தவூர் வரை, ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் நிலப்பரப்பை நாம் அனைவரும் அறிவோம். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று பெயர்கள் மாறுகின்றனவேயன்றி, ஓரூர் எங்கே முடிகின்றது, மற்றோரூர் எங்கே தொடங்குகின்றது என்று புதிதாய் வந்தவர் சொல்லிவிட இயலாது. பள்ளிவாசலின் பாங்கொலியும் கோயிலின் மணியோசையும் ஒரே காற்றிற் கலந்து வருங் கரை இது. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையிலே ஒடுங்கிய மணல்நிலம். அம்மணல்நிலத்திலேதான் இந்துக்களும் முஸ்லிம்களும் அண்டை வீட்டாராய் வாழ்ந்து வருகின்றனர்.

கடல் மீன் தருகின்றது. வயல் நெல் தருகின்றது. ஆயின் சோறு வரும் வழிகள் இரண்டுமே ஆபத்து வரும் வழிகளாகவும் இருக்கின்றன. கடந்த எழுபது ஆண்டுக் கால வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் 1957, 1978, 2004 ஆகிய மூன்று ஆண்டுகள் நம் கண்முன் நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் அழிவு வெவ்வேறு வாயிலால் வந்தது. அம்மூன்றையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்து, அவை புகட்டும் பாடத்தை இளைஞர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, வயலின் பக்கமாக வந்த வெள்ளம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரி காலத்திலேதான் எம் பகுதி தன் மழையிற் பெரும்பங்கைப் பெறுகின்றது. 1957ஆம் ஆண்டு டிசம்பரில் அம்மழை அளவு கடந்து பொழிந்தது. இலங்கையின் வரண்ட வலயமெங்கும் குளங்கள் உடைப்பெடுத்தன. அன்று கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961ஆம் ஆண்டிலேயாகும். இங்கினியாகலையிலே பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டத்தின் பேரணை எழுந்து அப்பொழுது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பேரணை பெருநீரைத் தாங்கும்; ஆனால் அணைக்குக் கீழே வயல்களிற் பெய்யும் மழையை அது எவ்வாறு தடுக்கும்? அந்நீர் கடலை நோக்கியே வரும். வரும் வழியிலே கரையோர மணல்நிலம் குறுக்கே கிடக்கின்றது.

இதனை நன்குணர்ந்தே நம் முன்னோர் ஓர் ஏற்பாடு செய்திருந்தனர். மாரி வெள்ளம் பெருகும்போது முகத்துவாரத்து மணலை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவர். சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் தோணா என்று வழங்கும் நீரோடைகள் இவ்வாறு வெள்ளத்தைக் கடலிற் சேர்க்கும் வழிகளேயாம். எப்பொழுது வெட்டுவது என்பதிலேதான் அனுபவம் வேண்டும். காலந் தாழ்த்தினால் வயலும் வீடும் மூழ்கும். அவசரப்பட்டால் உப்புநீர் உட்புகும். வயற்காரரும் மீனவரும், வட்டவிதானையும் ஊர்ப்பெரியோரும் கூடிப் பேசியே இதனை முடிவு செய்ய வேண்டும். தோணாவிற் குப்பை கொட்டி அடைப்பதும், அதன் கரையை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டுவதும், முன்னோர் நமக்காகத் திறந்து வைத்த வாயிலை நாமே சாத்திக்கொள்வதாகும்.

இரண்டாவது, காற்றாக வந்த அழிவு. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பை அண்டிக் கரை கடந்த சூறாவளியை அன்று வாழ்ந்தோர் எவரும் மறந்திலர். நாட்டிலே 900க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னையிற் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. தென்னை வீழ்ந்தால் எம் மக்களுக்கு வீழ்வது மரம் மட்டுமன்று; கூரைக்குக் கிடுகு, அடுப்புக்கு விறகு, கறிக்குத் தேங்காய் எல்லாம் ஒரே இரவிற் போயின. கன்று நட்டு அது காய்க்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பதினான்கு ஆண்டுகளின் முன், 1964 டிசம்பரில், ஒரு பெரும்புயல் திருகோணமலை, வவுனியாப் பக்கமாக இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. அது வடக்கே போயிற்று. எம் கரை தப்பியது. பிறர் வாசலில் வந்து போன துன்பத்தைக் கேட்டு இரங்குவோம். அடுத்த முறை அது நம் வாசலுக்கு வரலாம் என எண்ணுவோர் சிலரே. சூறாவளியைப் பற்றி யாவரும் அறிய வேண்டிய ஒன்று உண்டு. அதன் நடுப்பகுதி ஓரூரின் மேலாகச் செல்லும்போது காற்று திடீரென அடங்கும். ‘ஓய்ந்துவிட்டது’ என்று வெளியே வருவோர் பலர். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று முன்போலவே மூர்க்கமாக வீசும். இதை அறியாமையால் உயிரிழப்பது எத்துணை கொடுமை!

மூன்றாவது, கடலே எழுந்து வந்த நாள். அது வானிலையாற் பிறந்ததன்று. கடலடி நிலநடுக்கத்தாற் பிறந்தது. எனினும் நம் வரலாற்றில் அதனை விலக்கிப் பேச இயலாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை. சுமாத்திராவின் கடலில் நிலம் நடுங்கிய பின் அலை எம் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. இரண்டு மணி நேரத்திற் கரையோரத்தார் யாவரும் நடந்தே தப்பியிருக்கலாம். சொல்வார் இல்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டில் மிகுந்த உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் இதுவேயாம். மருதமுனையும் பாண்டிருப்பும் சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரே காலையிற் கண்ணீர் வடித்தன. அலை எவரிடமும் சமயம் கேட்கவில்லை. தப்பியோருக்குக் கோயில், பள்ளிவாசல், பாடசாலை என்ற வேற்றுமையின்றி எல்லாம் புகலிடமாயின.

ஈண்டு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ‘கடல்கோள்’ என்ற சொல் நம் தமிழில் மிகப் பழையது. சங்கங்களின் கதையிலே கடல் கொண்ட நாட்டைப் பற்றிப் பாடசாலையிற் படித்தோம். சொல்லைக் காத்தோம், அது வரும்போது செய்ய வேண்டியதைக் காத்தோமில்லை. முதலலை வடிந்து கடல் பின்வாங்கியபோது வேடிக்கை பார்க்கச் சென்றோர் பலர் மீளவில்லை.

சுமாத்திராவை அடுத்த சிமலூ என்னும் தீவின் கதை இதற்கு மாறானது. அங்கே 1907ஆம் ஆண்டு பேரலை வந்து பலரைக் கொண்டுபோயிற்று. பிழைத்தோர் அதற்கு ‘ஸ்மொங்’ என்று பெயரிட்டு, ‘நிலம் பலமாக நடுங்கிக் கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு’ என்று பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வைத்தனர். 97 ஆண்டுகள் கழிந்து 2004இல் நிலம் நடுங்கியதும் அத்தீவார் குன்றுகளில் ஏறினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களுள் மாண்டோர் எழுவரே. பாட்டியின் வாய்மொழி எந்த மதிலினும் வலியதாயிற்று.

அவர்தம் பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ள எம்மால் இயலாது. நில நடுக்கம் நடந்தது நெடுந்தொலைவில். அது எமக்கு எச்சரிக்கையாகவில்லை. ஓடி ஏறக் குன்றும் இல்லை. மேற்கே செல்லும் வீதிகள் சிலவே. அவற்றின் இருமருங்கும் வயலும் நீரும். ஆகவே எமக்கு வெளியிலிருந்து வரும் எச்சரிக்கையும் வேண்டும். உள்ளே உறங்காத நினைவும் வேண்டும். முன்னதற்கு 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வழி செய்தது. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராக் கடலில் மீண்டும் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை உடனே வந்தது. கரையோர மக்கள் உள்நாட்டுக்கு நகர்ந்தனர். பேரலை வரவில்லை. ‘வீணாக ஓடினோம்’ என்று சிலர் நகைத்தனர். அந்த ஓட்டம் வீணன்று. அதுவே சிறந்த ஒத்திகை.

பின்னதாகிய நினைவு நம் கையில் உள்ளது. 1957க்கும் 1978க்கும் இடையே 21 ஆண்டுகள்; 1978க்கும் 2004க்கும் இடையே 26 ஆண்டுகள். ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம். கண்டவர் முதியவராகிப் பேச்சடங்கும் வேளையில், காணாதவர் குடும்பத் தலைவராகி நிற்கும்போது, அடுத்த அழிவு வந்து சேர்ந்திருக்கின்றது. 2004க்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று வாலிபராய் நம்மிடையே நிற்கின்றனர். 2024 நவம்பரிற் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில், உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டு, இளம் உயிர்கள் பலியானதை நாம் மறக்கலாகாது. வயற்பக்கத்து நீர் இன்றும் உயிர் கொள்ளும்.

ஆகவே இளைஞர்க்கு நாம் விண்ணப்பிப்பது இதுவே. 1957ஐயும் 1978ஐயும் கண்ட முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவரிடம் சென்று, நீர் எத்தெருவில் எவ்வளவு ஏறியது, எவ்வழி தப்பியது என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த அளவைக் கோயிற் சுவரிலும், பள்ளிவாசலார் இசைந்தால் அங்கும், கோடிட்டுக் காட்டுங்கள். தெருவிலுள்ள நோயாளர், முதியோர், கர்ப்பிணிகள் ஆகியோரை யார் தூக்கிச் செல்வது என்பதை மாரிக்கு முன்பே பேசி வையுங்கள். மாரி பிறக்குமுன் தோணாவைத் துப்புரவாக்கப் பக்கத்தூர் முஸ்லிம் இளைஞரையும் அழையுங்கள். நீர் இரு ஊருக்கும் பொது. ஆலய மணியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஒரே எச்சரிக்கைக் குறியை ஒலிக்குமாறு பெரியோர் கூடி உடன்படட்டும்.

டிசம்பர் 26ஆம் நாள் தேசிய பாதுகாப்பு தினமாக நினைவுகூரப்படுகின்றது. அன்று காலை இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கின்றோம். மௌனம் இறந்தோர்க்கு நாம் செய்யும் மரியாதை. அது முடிந்ததும் வாய் திறந்து நம் பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொல்வோமாக. அது இனிப் பிழைக்க வேண்டியோர்க்கு நாம் செய்யுங் கடமை.