கமேல்பெர்ட்: ஆப்பிரிக்கான்ஸ் கூட்டுச்சொல் ஒன்றின் பிறப்பும் பொருள்மாற்றமும்

முன்னுரை

1652ஆம் ஆண்டு நன்னம்பிக்கை முனையில் அமைந்த டச்சுக் குடியேற்றத்தில் வேர்கொண்டு வளர்ந்த ஆப்பிரிக்கான்ஸ், 1925இல் தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழித் தகுதியைப் பெற்றது. அம்மொழியில் ஒட்டகச்சிவிங்கியைக் குறிக்கும் அன்றாடச் சொல் ‘கமேல்பெர்ட்’ என்பதாகும். ‘கமேல்’ ஒட்டகத்தையும் ‘பெர்ட்’ குதிரையையும் குறிப்பதால், ‘ஒட்டகக் குதிரை’ என்பதே இதன் பிறப்பு எனத் தோன்றும். அத்தோற்றம் பிழையானது என்பதையும், அப்பிழை எழுந்த முறையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் வரலாறு

கிரேக்க மொழியில் இவ்விலங்கின் பெயர் ‘கமேலோபார்தாலிஸ்’ என்பதாகும். ‘கமேலோஸ்’ ஒட்டகம், ‘பார்தாலிஸ்’ சிறுத்தை. உடலமைப்பில் ஒட்டகத்தையும் தோலின் புள்ளிகளில் சிறுத்தையையும் ஒத்தமையால் இப்பெயர் அமைந்தது. கி.மு. 46இல் ஜூலியஸ் சீசர் இவ்விலங்கை ரோமானியர்க்குக் காட்சிப்படுத்தினார். லத்தீன் வழி நிலைபெற்ற இப்பெயரையே 1758இல் லின்னேயஸ் சிற்றினப் பெயராக ஆண்டார்.

இச்சொல் டச்சு மொழியில் வழங்கியபோது அதன் முற்பகுதி ஒட்டகம் என எளிதில் விளங்கியது, பிற்பகுதி விளங்கவில்லை. பொருள் விளங்காத அப்பகுதி, ஒலியால் நெருங்கிய ‘பார்ட்’ (குதிரை) என்னும் சொல்லாகத் திரிந்தது. டச்சு ‘பார்ட்’ ஆப்பிரிக்கான்ஸில் ‘பெர்ட்’ ஆனபோது ‘கமேல்பெர்ட்’ உருவாயிற்று. விளங்காத உறுப்பை அறிந்த சொல்லோடு பொருத்திக்கொள்ளும் இம்முறையை மொழியியலார் நாட்டார் சொற்பிறப்பு என்பர்.

சிறுத்தையைக் குறிக்கும் ‘லாய்பெர்ட்’ என்னும் ஆப்பிரிக்கான்ஸ் சொல் இதற்கு அரண் செய்கிறது. ‘லாய்’ என்பதற்குச் சோம்பல் என்று பொருள். உறுப்புகளை மட்டும் நோக்கினால் ‘சோம்பேறிக் குதிரை’ என்றே பொருள்கொள்ள நேரும். ஆனால் இது லத்தீன் ‘லியோபார்டுஸ்’ என்பதன் திரிபே. இரு சொற்களிலும் குதிரையாகத் தோன்றுவது பழைய சிறுத்தையே.

தமிழ் வழக்கு

தமிழின் ‘ஒட்டகச்சிவிங்கி’ இங்கு ஒப்பிடத்தக்கது. சிவிங்கி சிறுத்தையை ஒத்த புள்ளி விலங்கு. ஆகவே இச்சொல் கிரேக்கப் பெயரின் பொருளமைப்போடு நேரே பொருந்துகிறது. ஒலியைப் பின்பற்றிய ஆப்பிரிக்கான்ஸில் மறைந்த பொருள், பொருளைப் பின்பற்றிய தமிழில் நிற்கிறது.

முடிவுரை

கமேல்பெர்ட்டை ‘ஒட்டகம் + குதிரை’ எனப் பிரிப்பது இன்றைய வழக்கின் விளக்கமாக ஏற்கத்தக்கது, வரலாறாக ஏற்கத்தக்கதன்று. பகுப்பு எளிதாக அமைவது சொற்பிறப்புக்குச் சான்றாகாது. முந்தைய வடிவங்களையும் இணைச்சொற்களையும் ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும். தமிழ்ச் சொற்பிறப்பு ஆய்வுக்கும் இந்நெறி பொருந்தும்.