அக்டோபர் 31 வரைக்கும்

புது வருஷம் பொறந்து நாலு நாள்தான் ஆகுது, என் ஜிம் சபதம் அதுக்குள்ள படுத்துடுச்சு. அப்பாவோட சுகர் ரிப்போர்ட்டும் சரியில்லை. கேட்டா, "51 வயசுக்கு மேல என்னத்தடா மாத்துறது"ங்கிறார். அதனாலதான் இந்தக் கதை.

எங்க தல்லாகுளம் பக்கம், தமுக்கத்துல காந்தி மியூசியம் இருக்கு. ராணி மங்கம்மாள் அரண்மனை. 1959-ல் நேரு திறந்து வைத்தது. காந்தியோட ரத்தக்கறை படிந்த துணியை அங்கேதான் பார்க்கிறோம். அந்த உடை தொடங்கின இடமும் மதுரைதான்: மேலமாசி வீதி, 1921 செப்டம்பர் 22. பத்து நாளில் அவருக்கு 52 வயசு.

மதுரைக்கு வரும்போது ரயிலில் பேசினவங்க, கதர் வாங்க வசதியில்லைன்னு சொன்னாங்க. அவர் உடம்பிலோ தொப்பி, சட்டை, முழு வேட்டி. உறுத்திடுச்சு. திடீர் முடிவும் இல்லை. வால்டேரில் முகமது அலி கைதானப்பவே யோசிச்சுத் தயங்கியிருக்கார்.

எனக்குப் பிடிச்சது அவர் விட்ட அறிக்கைதான். அக்டோபர் 31 வரைக்குமாவது தொப்பியும் சட்டையும் வேண்டாம், இடுப்பில் ஒரு துணி போதும், தேவைப்பட்டா மேலே ஒரு போர்வை. நாற்பது நாள் டிரையல் பீரியட்! கூட இருக்கிறவங்களும் இப்படிக் கட்டணும்னு கேட்கவும் இல்லை. 1931-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போனதும் இதே கோலத்தில்தான்.

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "பொங்கல் வரைக்கும் நடந்து பார்க்கிறேன்"னார். இப்போ சாயங்காலம் தமுக்கத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு, நானும் கூட.