பாத் (சூழல் மாறி)

பாத் என்பது யுனிக்ஸ், லினக்ஸ், மாக் ஓஎஸ், விண்டோஸ் முதலிய இயங்குதளங்களில் உள்ள ஒரு சூழல் மாறி ஆகும். பயனர் தட்டச்சு செய்யும் கட்டளைக்குரிய நிரலை எந்தெந்த அடைவுகளில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதை இது குறிக்கின்றது. ஒரே மென்பொருளின் பல பதிப்புகள் ஒரு கணினியில் நிறுவப்பட்டிருந்தால், அவற்றுள் எது இயங்கும் என்பதை இவ்வரிசையே தீர்மானிக்கின்றது. புதிய பதிப்பு என்பதாலோ கடைசியாக நிறுவப்பட்டது என்பதாலோ ஒரு நிரல் முன்னுரிமை பெறுவதில்லை.

வரலாறு

தொடக்ககால யுனிக்ஸில் கட்டளைகளைத் தேடவேண்டிய இடங்கள் ஷெல் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பு சூழல் மாறிகளை அறிமுகப்படுத்தியது. அதனுடன் வந்த, ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல், பாத் மாறியைப் பயன்படுத்தியது. 1983 இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் 2.0 பதிப்பிலும் பாத் கட்டளை இடம்பெற்றது.

செயற்படும் முறை

பாத் மாறியின் மதிப்பு அடைவுகளின் பட்டியல் ஆகும். அடைவுகள் யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் முக்காற்புள்ளியாலும் (:), விண்டோஸில் அரைப்புள்ளியாலும் (;) பிரிக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டு:

/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/பின்:/பின்

(கணினியில் மாறியின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும், இங்குள்ள கட்டளைகளும் அடைவுகளும் சிறிய எழுத்துகளிலும் தட்டச்சு செய்யப்படும்.)

ஷெல் இப்பட்டியலை இடமிருந்து வலமாகப் பார்க்கின்றது. கட்டளையின் பெயரில் முதலில் கிடைக்கும் நிரலை இயக்கி, தேடலை அத்துடன் நிறுத்திவிடுகின்றது. நிரலின் முழு முகவரியும் கொடுக்கப்பட்டால் தேடல் நடைபெறாது.

பதிப்புச் சிக்கல்

பைத்தான் 2, பைத்தான் 3 ஆகிய இரண்டும் ஒரு கணினியில் பைத்தான் என்னும் ஒரே பெயரில் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது /யூஎஸ்ஆர்/பின் அடைவிலும், இரண்டாவது /ஆப்ட்/பைத்தான்3/பின் அடைவிலும் உள்ளன. பட்டியலில் /யூஎஸ்ஆர்/பின் முன்னால் இருந்தால் பழைய பதிப்பே இயங்கும். 7/2 என்னும் வகுத்தலுக்குப் பைத்தான் 2 தரும் விடை 3. பைத்தான் 3 தரும் விடை 3.5. பிழைச்செய்தி எதுவும் தோன்றாமலே கணக்கு தவறிவிடும். பைத்தான் 2 இற்கான ஆதரவு 2020 சனவரி 1 உடன் முடிவடைந்தாலும், பழைய கணினிகளில் இந்நிலையைக் காணலாம்.

புதிய அடைவைப் பட்டியலின் முன்னால் சேர்ப்பதே இதற்குத் தீர்வு:

பாத்=/ஆப்ட்/பைத்தான்3/பின்:$பாத்

பின்னால் சேர்த்தால் பயனில்லை. இறுதியிலுள்ள $பாத் பழைய பட்டியலைக் குறிக்கின்றது. அதை எழுத மறந்தால் எல்எஸ் போன்ற அடிப்படைக் கட்டளைகளும் கிடைக்காமற் போகும். புதிய முனையம் ஒன்றைத் திறந்தால் பழைய நிலை திரும்பும்.

இம்மாற்றம் அந்த ஷெல்லுக்கும் அதிலிருந்து தொடங்கப்படும் நிரல்களுக்கும் மட்டுமே பொருந்தும். நிலைத்திருக்க வேண்டுமெனில் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதவேண்டும். குறித்த நேரத்தில் பணிகளை இயக்கும் க்ரான் பொதுவாக அக்கோப்பைப் படிப்பதில்லை. ஆகவே முனையத்தில் சரியாக இயங்கிய பணி, இரவில் க்ரான் வழியாக வேறு பதிப்பில் இயங்கக்கூடும். அங்கு முழு முகவரியை எழுதுவது நன்று.

பைத்தான் 3.3 (2012) முதல் கிடைக்கும் மெய்நிகர் சூழல்களும் இதே முறையைக் கையாள்கின்றன. சூழலைச் செயற்படுத்தும்போது அதன் அடைவு பட்டியலின் முன்னால் வைக்கப்படுகின்றது; வெளியேறும்போது பழைய பட்டியல் மீட்கப்படுகின்றது.

சரிபார்த்தல்

பாஷ் ஷெல்லில் டைப் -ஏ, விண்டோஸில் வேர் ஆகிய கட்டளைகள், ஒரு பெயரில் உள்ள நிரல்கள் அனைத்தையும் தேடல் வரிசையில் காட்டும். பாஷ் ஒருமுறை கண்டறிந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்வதால், புதிய பதிப்பை நிறுவிய பின்னரும் பழையதே இயங்கலாம். ஹேஷ் -ஆர் என்னும் கட்டளை அந்நினைவை அழித்துவிடும்.

பாதுகாப்பு

பட்டியலில் ஒற்றைப் புள்ளி (.) பயனர் அப்போதுள்ள அடைவைக் குறிக்கும். இதை முன்னால் வைத்திருக்கும் நிர்வாகி, வேறொருவர் எல்எஸ் என்னும் பெயரில் தீய நிரலை வைத்துள்ள அடைவுக்குச் சென்று அக்கட்டளையை இட்டால், அத்தீய நிரல் நிர்வாகியின் உரிமைகளுடன் இயங்கிவிடும். அடுத்தடுத்து வரும் இரு முக்காற்புள்ளிகளும் இதே பொருளைத் தருவதால், அவற்றையும் தவிர்க்கவேண்டும்.