ஓட்டமும் கறுப்பு பேண்ட்டும்

டிஸ்கி: கொஞ்சம் கூச்சமான மேட்டர். பெண்களுக்கு ஓடும்போது சிறுநீர் கசியறதைப் பத்தின வரலாறு. ஆண்களும் படிக்கலாம். படிக்கணும்.

நமக்கு வீடு கோரிமேடு. பகல் முழுக்க ஆணி புடுங்கி எடை ஏறிப்போனதால ரெண்டு வருஷம் முன்னாடி ஓட ஆரம்பிச்சேன். விடியற்காலையில ஜிப்மர் மதிலை ஒட்டி, திண்டிவனம் ரோட்டுல வண்டி கூடறதுக்குள்ள அஞ்சு கிலோமீட்டர். மூணாவது மாசம் ஒரு நாள் பாதி தூரத்துல நனைஞ்சிடுச்சு. வியர்வைன்னு நினைச்சேன். வியர்வை இல்ல.

அப்புறம் எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன். கறுப்பு பேண்ட் மட்டும் போட்டேன். ஓடறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்கறதை நிறுத்தினேன். புதுச்சேரி புழுக்கத்துல இது எவ்வளவு முட்டாள்தனம்னு தலை சுத்தி உட்கார்ந்தப்பதான் புரிஞ்சுது.

ஒரு தனியார் கிளினிக்ல சொன்னேன். "கல்யாணமே ஆகலையேம்மா, குழந்தை பெத்துக்காதவங்களுக்கு இதெல்லாம் வராது. ஓடாதீங்க, நடங்க"ன்னாங்க. வீட்டுக்கு வந்தா ஆயா வேற: "பொட்டப்புள்ள இப்படி குதிச்சா கர்ப்பப்பை எறங்கிடும்டி."

ஆயா சொன்னதை நோண்டப்போனா அது பாஸ்டன் வரைக்கும் போகுது மக்கா.

1928, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ். முதல் தடவையா பெண்களுக்கு 800 மீட்டர். ஜெர்மனியோட லீனா ராட்கே 2 நிமிஷம் 16.8 வினாடியில ஓடி உலக சாதனையோட ஜெயிச்சாங்க. ஆனா மறுநாள் பேப்பர்ல வந்தது வேற கதை: பெண்கள் ஓட முடியாம பொத்து பொத்துன்னு விழுந்தாங்கன்னு. உண்மையில இறுதிப் போட்டியில ஓடின ஒன்பது பேரும் ஓடி முடிச்சிருந்தாங்க. இருந்தும் அந்தப் போட்டியைத் தூக்கிட்டாங்க. திரும்பி வந்தது 1960ல, ரோம்ல. நீலிமா கோஷும் மேரி டிசோசாவும் 1952ல ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்காக ஓடினப்போ, பெண்களுக்கு இருந்த மிக நீளமான ஓட்டமே 200 மீட்டர்தான்!

1966ல பாபி கிப் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பிச்சாங்க. பெண்களோட உடம்பு அதுக்குத் தாங்காதுன்னு பதில் வந்துச்சு. புதர்ல ஒளிஞ்சிருந்து கூட்டத்தோட சேர்ந்து ஓடி முடிச்சாங்க. அடுத்த வருஷம் 261ன்னு நம்பர் குத்திக்கிட்டு ஓடின கேத்ரின் ஸ்விட்சரை ஒரு போட்டி அதிகாரியே பிடிச்சு வெளிய தள்ளப் பார்த்தார். ஓடினா கர்ப்பப்பை கீழ விழுந்துடும்னு அந்த ஊர்லயும் அப்போ சொன்னாங்க. எங்க ஆயாவுக்கு பாஸ்டன்ல நிறைய சொந்தக்காரங்க போல.

கர்ப்பப்பை ஓடி விழல. ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் மாரத்தான் வந்தது 1984ல, நம்ம பி.டி. உஷா நூறுல ஒரு பங்கு வினாடியில வெண்கலத்தைக் கோட்டை விட்ட அதே லாஸ் ஏஞ்சலிஸ்ல.

ஆனா இந்தக் கலாட்டாவுல நிஜமா நடந்துக்கிட்டிருந்த ஒண்ணை யாரும் கேட்கல. நம்ம இடுப்பெலும்புக்கு அடியில தூளி கட்டின மாதிரி ஒரு தசைக்கூட்டம் இருக்கு. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அதுதான் தாங்குது. ஓடும்போது ஒவ்வொரு காலடிக்கும் உடல் எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு விசை தரையில இருந்து மேல வருது. வயித்துக்குள்ள அழுத்தம் ஏறுது. தூளி சரியான நேரத்துல இறுகலைன்னா கசியும். அவ்வளவுதான் விஷயம். இருமினா, தும்மினா கசியறதும் இதே கணக்குதான்.

அந்தத் தசைக்குப் பயிற்சி கொடுக்கலாம்னு அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948லயே எழுதிட்டார். தசையோட பலத்தை அளக்க ஒரு கருவியும் செஞ்சார். ஆனா இது பிள்ளை பெத்த பெண்களோட பிரச்சினைன்னே உலகம் நினைச்சுக்கிட்டிருந்துச்சு. 1994ல இன்கிரிட் நைகார்டும் அவங்க குழுவும் பிள்ளை பெறாத 144 கல்லூரி வீராங்கனைகள்கிட்ட நேரடியாவே கேட்டாங்க. சராசரி வயசு இருபது. விளையாடும்போது கசியுதுன்னு சொன்னவங்க 28 சதவீதம். ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள்ல மூணுல ரெண்டு பேர்.

படிச்சதும் அழுகையே வந்துடுச்சுங்க. "வராது"ன்னு கிளினிக்ல சொன்னது அப்பவே தப்புன்னு தெரிஞ்சுபோன விஷயம்!

ஓட்டத்தை நிறுத்தணுமா? அதே நைகார்ட் 1997ல முன்னாள் ஒலிம்பிக் வீராங்கனைகளைப் பத்தி எழுதினாங்க. குதிச்சு ஓடினவங்களுக்கும் நீச்சல்காரங்களுக்கும் பிற்காலக் கசிவுல பெரிய வித்தியாசம் தெரியல. 1999ல நார்வேயோட காரி போ குழு கசிவு இருந்த 107 பெண்களை வெச்சு ஆறு மாசம் சோதிச்சாங்க. மின்தூண்டல் மாதிரி மத்த முறைகளை விட நல்ல பலன் கொடுத்தது தசைப் பயிற்சிதான். மருந்தும் இல்ல, கத்தியும் இல்ல.

1823ல பிரெஞ்சுக்காரங்க தொடங்கின மருத்துவப் பள்ளியோட வழியில வந்தது ஜிப்மர். விடியறதுக்குள்ள மஞ்சப்பையில ஃபைலோட விழுப்புரத்துல இருந்தும் கடலூர்ல இருந்தும் வந்து இறங்கற ஊர் இது. இங்க பஸ் ஸ்டாப்லயே சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவுன்னு சத்தமா பேசிப்போம். இதை மட்டும் பேச மாட்டோம்.

இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "நீ பொறந்ததுல இருந்து எனக்கும் இருக்குடி. அதான் சென்னைக்கு பஸ்ல வர மாட்டேங்கறேன்"னாங்க. முழங்கால் வலின்னு இத்தனை வருஷமா நாங்க நம்பிக்கிட்டிருந்த காரணம் அது. பெரியப்பா பொண்ணு கல்யாணத்தையே விட்டாங்க.

ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்கா சரியா இறுக்கறது எப்படின்னு கத்துக்கொடுத்தாங்க. (மூச்சை அடக்கி வயித்தை உள்ள இழுக்கறது இல்ல, பலர் அதைத்தான் பண்றாங்களாம்.) இப்போ சீரியல் விளம்பர இடைவேளையில அம்மாவும் நானும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து எண்ணிக்கிட்டிருக்கோம். ஆயா என்னடி பண்றீங்கன்னு கேட்கறாங்க. இன்னும் சொல்லல, ஹி ஹி.

எனக்கு முழுசா நிக்கல, நல்லாவே குறைஞ்சிருக்கு. தண்ணி குடிச்சுட்டுத்தான் ஓடறேன். எரிச்சலோ ரத்தமோ இருந்தா அது வேற சமாச்சாரம், உடனே டாக்டரைப் பாருங்க.

அப்புறம் ஒண்ணு. உங்க வீட்டுல யாராவது பஸ் பயணம்னாலே முழங்கால் வலின்னு சொன்னா, தனியா கூப்பிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.