புல்லைத் தின்ற பட்டை

கொடைக்கானலில் எல்லோரும் படமெடுத்துக்கொள்ளும் பைன் காடு உண்மையில் காடே அல்ல. வரிசை பிடித்து நட்ட தோட்டம். பழனி மலையின் மேல்தளம் ஒருகாலத்தில் பெரும்பாலும் புல்வெளிதான். மடிப்புகளில், ஓடைகளை ஒட்டி, சோலைகள். 1845ல் கீழ்நாட்டு வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி ஏறிவந்து வீடு கட்டிய அமெரிக்க மிஷனரிகள் பார்த்த மலை அது.

குளிரூருக்கு விறகு வேண்டும். சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸும் வாட்டிலும் (நீலகிரிக்காரர்களுக்குச் சீகை) மளமளவென வளர்ந்தன. 19ஆம் நூற்றாண்டில் அவை தென்னிந்திய மலைகளுக்கு வந்தது அப்படித்தான்.

இங்கேயே நிறுத்தி வெள்ளைக்காரன்மேல் பழியைப் போட்டுவிடலாம். எனக்கு உடன்பாடில்லை. மலையை மூடிய பெருந்தோட்டங்களில் பெரும்பகுதி சுதந்திரத்துக்குப் பிறகு நாமே போட்டவை. முக்கியக் காரணம் தோல். நம்மூர்த் தோல் தொட்டிகளில் முன்பு ஆவாரம்பட்டைதான் ஊறியது. பிறகு டானின் அதிகமுள்ள வாட்டில் பட்டை வந்தது, அதுவும் தென்னாப்பிரிக்காவிலிருந்து. ஆஸ்திரேலிய மரம், ஆப்பிரிக்கத் தோட்டம், தமிழ்நாட்டுத் தொட்டி! இறக்குமதி எதற்கு, நம்ம மலையிலேயே போடலாமே என்று கணக்குப் போட்டார்கள். சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை வந்ததும் மரக்கூழுக்கும் மரம் தேவைப்பட்டது. அந்தக் கணக்கில் குறிஞ்சிக்கும் வரையாட்டுக்கும் கட்டமே இல்லை. மரமில்லாத நிலம் என்றால் சும்மா கிடக்கும் நிலம், அவ்வளவுதான். 2018ல் வெளியான ஓர் ஆய்வு செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்தபோது, நாற்பதாண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போயே போய்விட்டது.

வாட்டில் நட்ட இடத்தோடு நிற்கவில்லை. அதன் விதையோடு கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் தூங்கும். தீ பட்டால் மொத்தமாக முளைக்கும். மரத்தை வெட்டினாலோ, வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் கீரைப்பாத்தி மாதிரி கன்றுகள். வெட்டியவர்கள் வருஷாவருஷம் திரும்பி வந்து பிடுங்க வேண்டும். டெண்டர் விட்டு லாரியில் ஏற்றியதோடு விட்டுவிட்டால் அது வெறும் மர வியாபாரம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வட்டக்கானலில் பல ஆண்டுகள் சோலை நாற்றுகளை வளர்த்த பாப் ஸ்டீவர்ட்டும் தான்யா பால்கரும் ஒன்றைக் கவனித்தார்கள்: பழைய வாட்டில் தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுகின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் அந்த இளம் சோலையும் சேர்ந்து சாகும். புல்லும் அவ்வளவு எளிதில் திரும்பாது.

உயர் நீதிமன்றம் நெருக்கியதில், 2022ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. நல்லதுதான். வேலையை எங்கே தொடங்குவது என்று கேட்டால், நான் மன்னவனூர்ப் பக்கம் மிஞ்சியிருக்கும் புல்வெளி ஓரங்களைத்தான் காட்டுவேன். அங்கே வாட்டில் இன்னும் முழங்கால் உயரக் கன்றுதான். பொக்லைன் வேண்டாம், மழையில் மண் நெகிழ்ந்திருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். அதற்கு உள்ளூர் ஆட்களுக்கான கூலி ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டில் இருக்க வேண்டும், அதிகாரி மாறினாலும்.