கிங்ஸ்டன் (நார்ஃபோக் தீவு)

தென் பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,400 கி.மீ. தொலைவில் தனித்துக் கிடக்கும் நார்ஃபோக் தீவின் தென்கரையில், பவளத்திட்டின் காப்பில் அமைந்த சிற்றூர் கிங்ஸ்டன். ஆஸ்திரேலிய ஆட்சிக்கு உட்பட்ட இத்தீவின் தலைநகரம் இதுவே எனினும், கடைத்தெருவும் பெரும்பாலான தங்கும் விடுதிகளும் தீவின் நடுமேட்டிலுள்ள பர்ன்ட் பைன் என்னும் ஊரைச் சுற்றியே அமைந்துவிட்டன. அதனால் கிங்ஸ்டனில் எஞ்சியிருப்பவை 19ஆம் நூற்றாண்டின் கல்வீடுகளும், சிறையின் இடிந்த மதில்களும், அரசு அலுவலகங்களும், ஒரு தேவாலயமும், ஓர் இறங்குதுறையும், கடலை நோக்கிய ஓர் இடுகாடும், இவற்றுக்கிடையே மாடுகள் மேயும் பொதுப் புல்வெளியுமே ஆகும். கைதிகளை ஒடுக்குவதற்கென எழுப்பிய ஓர் ஊர், பின்னர் வேறொரு மக்களின் தாயகமாக மாறி, இன்றும் அவர்களுடைய பண்டிகைகளுக்கும் அடக்கத்துக்கும் உரிய இடமாக நீடிப்பதே இதன் தனிச்சிறப்பு.

நிலமும் கடலும்

சுமார் 35 சதுர கி.மீ. பரப்புள்ள நார்ஃபோக் தீவு எரிமலைக் குழம்பால் உருவானது. தென் அட்சம் 29 பாகையில், வெப்ப மண்டலத்துக்குச் சற்று வெளியே அமைந்திருப்பதால் இங்குக் கடுங்கோடையும் இல்லை, உறைபனியும் இல்லை. வாழையும் கொய்யாவும் ஊசியிலை மரங்களுக்கு அருகிலேயே விளைகின்றன. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 2,200. கரையோரம் பெரும்பாலும் செங்குத்துப் பாறையாக இருக்க, தெற்கே மட்டும் நிலம் தாழ்ந்து, பவளத்திட்டால் காக்கப்பட்ட ஆழமற்ற கடற்கழியில் இறங்குகிறது. எமிலி குடா, ஸ்லாட்டர் குடா என்னும் இரண்டு சிறு குடாக்களையும் தாங்கிய இத்தாழ்நிலமே கிங்ஸ்டன்.

கப்பல் ஒதுங்கத்தக்க துறைமுகம் தீவில் எங்கும் இல்லை. இன்றும் சரக்குக் கப்பல்கள் கடலில் விலகி நிற்க, தட்டையான திறந்த தோணிகளைச் சிறு விசைப்படகுகள் இழுத்துச் சென்று, அலையெழும்பும்போது சரக்கை வாங்கி, கிங்ஸ்டன் துறைக்கோ வடகரையிலுள்ள கேஸ்கேட் துறைக்கோ கொண்டுவருகின்றன. காற்றின் திசையைப் பார்த்தே எந்தத் துறை என்பது முடிவாகும். மோட்டார் வண்டி வந்தால் இரண்டு தோணிகளை ஒன்றோடொன்று பிணைத்து அவற்றின்மேல் ஏற்றுவது வழக்கம். இத்தீவின் வரலாற்றில் நேர்ந்த பசிக்கும் தனிமைக்கும் அச்சத்துக்கும், துறைமுகமின்மை என்னும் இந்த ஒரே காரணம் பெரும்பங்கு வகித்தது.

முதற்குடிகளும் முதற்குடியேற்றமும்

ஐரோப்பியர் காலடி படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிழக்குப் பாலினேசியக் கடலோடிகள் இங்கு வாழ்ந்து, 15ஆம் நூற்றாண்டளவில் தீவைவிட்டு நீங்கினர் என்பதை எமிலி குடாவை ஒட்டிய அகழாய்வில் கிடைத்த கற்கருவிகளும் அடுப்புத் தடயங்களும் காட்டுகின்றன. அவர்களோடு வந்த பாலினேசிய எலி இன்றும் தீவில் உள்ளது. கேப்டன் ஜேம்ஸ் குக் 1774 அக்டோபர் 10 அன்று இறங்கியபோது மனிதர் எவரையும் காணவில்லை. நெட்டுயர்ந்த ஊசியிலை மரங்களையும், கயிறும் பாய்த்துணியும் செய்யப் பயன்படும் நார்ச்செடியையும் கண்டார். பாய்மரக் கப்பல்களை நம்பியிருந்த பிரித்தானியக் கடற்படைக்கு இவ்விரண்டும் பெருஞ்செல்வமாகத் தோன்றின.

சிட்னியில் கைதிக் குடியேற்றம் தொடங்கிய சில வாரங்களிலேயே, லெப்டினன்ட் ஃபிலிப் கிட்லி கிங் என்பவர் 15 கைதிகள் உள்ளிட்ட சிறு குழுவுடன் அனுப்பப்பட்டு, 1788 மார்ச் 6 அன்று இங்குக் கரையேறினார். மரம் பாய்மரத் தண்டுக்கு உதவாதது என விரைவில் தெரிந்தது. நார் உரிக்கும் முறை எவருக்கும் தெரியாததால், 1793இல் துகி, ஹுரு என்னும் இரண்டு மாவோரி ஆடவர் நியூசிலாந்திலிருந்து கவர்ந்து கொண்டுவரப்பட்டனர். ஆனால் நார்த்தொழில் அவர்கள் நாட்டில் பெண்களுக்கு உரியது என்பதால் அவர்களால் சிறிதளவே கற்பிக்க முடிந்தது. அவ்வாண்டின் இறுதியில் கிங் தாமே அவர்களை நியூசிலாந்தில் கொண்டுசேர்த்தார். தங்கியிருந்த காலத்தில் துகி வரைந்த நியூசிலாந்து நிலப்படம், மாவோரி ஒருவரின் கையால் வரையப்பட்டு எஞ்சிய மிகப் பழைய படங்களுள் ஒன்றாகும்.

1790 மார்ச் 19 அன்று, ஆட்களையும் உணவையும் ஏற்றிவந்த சிரியஸ் என்னும் கப்பல் கிங்ஸ்டனுக்கு எதிரேயுள்ள பவளத்திட்டில் மோதி உடைந்தது. உயிர்கள் தப்பின, கப்பல் மீளவில்லை. பட்டினி நெருங்கிய அம்மாதங்களில் பிட் மலையின் பொந்துகளில் முட்டையிட வந்த ஒருவகைக் கடற்பறவையே மக்களைக் காத்தது. இரவுதோறும் தீப்பந்தங்களோடு மலையேறி, ஒரே பருவத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அவர்கள் கொன்று உண்டனர். இறையருள் அனுப்பியது என்ற பொருளில் அதற்குப் பெயரிட்ட மக்களே சில ஆண்டுகளில் அவ்வினத்தைத் தீவிலிருந்து அற்றுப்போகச் செய்தனர். இன்று அது லார்ட் ஹோவ் தீவிலும், நார்ஃபோக்கை அடுத்த ஃபிலிப் தீவில் மிகச் சிறு எண்ணிக்கையிலும் வாழ்கிறது.

செலவுக்கேற்ற பயனில்லை எனக் கண்டு, 1814இல் குடியேற்றம் கலைக்கப்பட்டது. வேறு நாட்டார் கைக்கொள்ளக்கூடாது என்பதற்காகக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன; மக்களுட் பெரும்பாலோர் டாஸ்மேனியாவில் குடியமர்த்தப்பட, அவர்கள் வாழ்ந்த ஊருக்கு நியூ நார்ஃபோக் என்ற பெயர் நிலைத்தது.

தண்டனைத் தீவு

1825இல் தீவு மீண்டும் திறக்கப்பட்டபோது நோக்கம் முற்றிலும் மாறியிருந்தது. இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்டு, ஆஸ்திரேலியாவிலும் மறுபடி குற்றம் புரிந்தோருக்கு, தூக்குக்கு அடுத்த கடுந்தண்டனையாக இவ்விடம் ஒதுக்கப்பட்டது. இன்று காணும் கல் ஊர் முழுவதும் அக்கைதிகளின் உழைப்பால் எழுந்தது. தென்கரையிலும் அருகிலுள்ள நேப்பியன் தீவிலும் வெட்டிய சுண்ணமணற்கல், காளவாயில் சுட்ட சுண்ணாம்பு, உள்ளூர் ஊசியிலை மரம் ஆகிய மூன்றுமே கட்டுமானப் பொருள்கள். கல்வெட்டும் வேலையில் கைதிகள் கால்விலங்கோடு நீரில் நின்று உழைக்க நேர்ந்தது. கசையடி அன்றாட நிகழ்ச்சியாயிற்று.

1834 ஜனவரியில் எழுந்த கலகம் அடக்கப்பட்டு, 13 பேர் தூக்கிலிடப்பட்டனர். இறுதி ஆறுதல் கூறச் சென்ற கத்தோலிக்கக் குரு வில்லியம் உல்லாதோர்ன், தூக்குத் தண்டனை உறுதியானவர்கள் மண்டியிட்டு இறைவனுக்கு நன்றி கூறியதையும், உயிர்ப்பிச்சை பெற்றவர்கள் துயரத்தோடு அதைக் கேட்டதையும் பதிவு செய்துள்ளார். தண்டனைக் குடியேற்றம் என்ற அமைப்பு எந்த எல்லைக்குச் சென்றது என்பதற்கு இதைவிட வலிய சான்று தேவையில்லை.

இந்த இருண்ட காலத்தின் நடுவே 1840 முதல் 1844 வரை கட்டளை அதிகாரியாக இருந்த அலெக்சாண்டர் மக்கனாக்கி விரிவாகக் கூறத்தக்கவர். தண்டனையின் நோக்கம் மனிதனை முறிப்பதன்று, திருத்துவது என்று கருதிய அவர், உழைப்புக்கும் நன்னடத்தைக்கும் மதிப்பெண் வழங்கி, போதிய மதிப்பெண் சேர்த்தவர் படிப்படியாக விடுதலையை நெருங்கும் முறையை வகுத்தார். 1840 மே 25 அன்று, விக்டோரியா அரசியின் பிறந்தநாளையொட்டிக் கைதிகளை விலங்கின்றி வெளியே விட்டு, விருந்தும் நாடகமும் வாணவேடிக்கையும் நடத்தினார். மாலையில் அழைப்பொலி கேட்டதும் அவர்கள் அமைதியாகத் திரும்பினர். கைதிகளுக்குத் தோட்டம் வைத்துக்கொள்ளவும், இறந்த தோழரின் கல்லறையில் கல் நாட்டவும் அவர் இசைந்தார். சிட்னியிலும் லண்டனிலும் எழுந்த எதிர்ப்பால் அவர் திரும்ப அழைக்கப்பட்டாலும், நன்னடத்தையால் தண்டனை குறையும் பிற்கால முறைகளுக்கு அவருடைய கருத்துகளே முன்னோடியாயின.

அவருக்குப் பின் கடுமை திரும்பியது. 1846 ஜூலை 1 அன்று, கைதிகள் தமக்கெனச் சமைத்துக்கொள்ள வைத்திருந்த பாத்திரங்கள் பறிக்கப்பட்டதால் மூண்ட கலகத்தில் நால்வர் கொல்லப்பட்டனர். அதற்காக அக்டோபர் 13 அன்று 12 கைதிகள் தூக்கிலிடப்பட்டு, இடுகாட்டின் வேலிக்கு வெளியே ஒரே குழியில் புதைக்கப்பட்டனர். அம்மேடு இன்றும் அடையாளம் காணப்படுகிறது. 1855இல் சிறைக் குடியேற்றம் முடிவுக்கு வந்தது.

பிட்கேர்ன் மக்களின் வருகை

1789இல் பவுண்டி என்னும் பிரித்தானியக் கப்பலில் கலகம் செய்து, ஃபிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் பிட்கேர்ன் தீவில் ஒளிந்து வாழ்ந்த மாலுமிகளுக்கும், அவர்களோடு சென்ற தஹிதிப் பெண்களுக்கும் பிறந்த வழியினர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சிறு தீவுக்கு மிஞ்சிய தொகையினராயினர். காலியாகிக் கிடந்த நார்ஃபோக் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. மோரேஷயர் என்னும் கப்பலில் ஐந்து வாரம் பயணம் செய்து, வழியில் பிறந்த ஒரு குழந்தை உட்பட 194 பேர் 1856 ஜூன் 8 அன்று கிங்ஸ்டன் துறையில் இறங்கினர். ஓலை வேய்ந்த வீடுகளில் வாழ்ந்த அவர்களுக்கு, அதிகாரிகள் வாழ்ந்த கல்வீடுகள் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்தளிக்கப்பட்டன. தீவு முழுவதும் தமக்கே வழங்கப்பட்டது என அவர்கள் நம்பினர். அரசு அதை ஏற்கவில்லை. 1908இல் கிங்ஸ்டன் வீடுகளிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டது, இன்றும் ஆறாத மனக்குறையாகக் குடும்பங்களில் பேசப்படுகிறது. 1979இல் கிடைத்த தன்னாட்சியும் 2015இல் நீக்கப்பட்டது.

இம்மக்களின் மொழி நோர்ஃபுக். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலமும் தஹிதி மொழியும் கலந்து உருவான இது, 2004இல் தீவின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. வருவோரை 'வட்டவே யொல்யே' என வரவேற்கும் தொடருக்கு 'நீங்கள் எல்லோரும் நலமா' என்பது பொருள். பேசுவோர் சில நூற்றுவரே என்பதால் இது அருகிவரும் மொழிகளுள் வைத்து எண்ணப்படுகிறது.

இன்றைய ஊர்

சிட்னி, பிரிஸ்பேன் நகரங்களிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் தீவை அடையலாம். இரண்டாம் உலகப் போரின்போது, பழைய ஊசியிலை மரச்சாலை ஒன்றை வெட்டி அமைத்த ஓடுபாதையே இன்றும் பயன்படுகிறது. நார்ஃபோக் பைன் எனப்படும் அம்மரமே தீவின் கொடியிலும் உள்ளது. இந்திய நாற்றங்கால்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கப்படும் தொட்டிச்செடி இதுவோ, இதன் நெருங்கிய இனமோ ஆகும்.

விமான நிலையத்திலிருந்து சாலை தெற்கே இறங்கும்போது கிங்ஸ்டன் முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது. அதிகாரிகளின் வீடுகள் வரிசையாக நிற்கும் குவாலிட்டி ரோ தெரு, மதில் சூழ்ந்த இரண்டு படைவீரர் குடியிருப்புகள், 1829இல் கட்டிய அரசு இல்லம், முகப்பில் 1835 எனப் பொறித்த பண்டகசாலை, ஐங்கோண வடிவில் அமைந்த புதிய சிறையின் அடித்தளமும் வாயிலும் ஆகியவை நடந்தே காணத்தக்கவை. கைதிகளின் உணவுப்பொருள் குவித்த அப்பண்டகசாலை பிட்கேர்ன் மக்களால் தேவாலயமாக்கப்பட்டு, இன்றும் வழிபாட்டில் உள்ளது. சுவரின் கல்லை அருகில் சென்று நோக்கினால் உளியின் சாய்கோடுகள் தெளிவாகத் தெரியும். கட்டியவர் பெயர் எங்கும் இல்லை. ஊருக்குக் கிழக்கேயுள்ள பிளடி பிரிட்ஜ் என்னும் பாலத்தில் கைதிகள் மேற்பார்வையாளரைக் கொன்று சுவருக்குள் மறைத்தனர் என்பது வாய்மொழிக் கதையே.

அருங்காட்சியகத்தில் சிரியஸ் கப்பலின் நங்கூரமும் பீரங்கிகளும், பவுண்டியிலிருந்து வந்த செப்புக் கொப்பரையும் உள்ளன. கிங்ஸ்டனும் ஆர்தர் பள்ளத்தாக்கும் சேர்ந்த, ஏறத்தாழ 225 எக்டேர் பரப்புள்ள பகுதி, ஆஸ்திரேலியக் கைதித் தலங்கள் பதினொன்றுள் ஒன்றாக 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிறையின் கொடுமைகளை மட்டும் கேட்டுத் திரும்புவோர் இவ்வூரின் பாதியையே அறிவர். ஜூன் 8 அன்று தீவினர் முன்னோர் உடையில் துறையில் இறங்குவதை நடித்துக் காட்டி, இடுகாட்டுக்கு ஊர்வலமாகச் சென்று பிட்கேர்ன் துதிப்பாடல்களைப் பாடி, பின்னர் பழைய மதில்களுக்குள்ளே கூடி விருந்துண்ணும் நாளில் வருவோருக்கே மறுபாதியும் புலப்படும்.

தீவில் மாடுகளுக்கே சாலையில் முன்னுரிமை. எதிர்வரும் ஒவ்வொருவருக்கும் கையசைப்பது ஓட்டுநர்களின் மாறாத வழக்கம். மதில்களின் மேல் ஏறுவதும், கல் பெயர்ப்பதும், பவளத்திட்டை மிதிப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். எமிலி குடாவுக்கு அருகிலுள்ள இடுகாட்டில் கைதிகள், காவல்வீரர்கள், அவர்களுடைய குழந்தைகள், பிட்கேர்னிலிருந்து வந்தோர் ஆகிய அனைவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தீவில் இறப்போர் இன்றும் அங்கேயே அடக்கம் செய்யப்படுகின்றனர்.